தங்கச்சிகிட்டப் போ

ராஜபாளையம்
9-6-2025

பாசமுள்ள தங்கச்சி ஹெப்சிக்கு, அண்ணன் இம்மானுவேல்.

நீயும் மருமக பியூலாவும் கர்த்தரோட நிழல்ல சுகமா இருப்பீங்கன்னு நம்பி எழுதுறேன். எனக்குச் சர்க்கரை கூடவும் இல்ல, குறையவும் இல்ல. உன் மதினிக்கு முழங்கால் வலி. மத்தபடி குறை ஒண்ணும் இல்ல.

தபால்காரர் கொடுத்ததும் பயந்திருப்ப. பஸ் ஏறினா அரை மணி நேரம், அங்க இருந்துக்கிட்டு அண்ணன் எதுக்குக் கடிதம் போடுறாருன்னு. போன்ல பேசினா நான் சர்க்கரையைப் பத்திச் சொல்லுவேன், நீ ஹாஸ்டல் பிள்ளைகளைப் பத்திச் சொல்லுவ, வச்சிருவோம். பதிமூணு வருசமா அப்படித்தானே பேசுறோம்.

நம்ம சபைக்குப் புதுசா ஒரு போதகர் வந்திருக்கார். சின்ன வயசு. ஈஸ்டருக்கு முன்னால ஒரு நாள் சொன்னார், "நாம எல்லாரும் கேட்டுக்கிட்டே இருக்கோம். அவர் பேசுறதுக்கு ஒரு நிமிசமாவது விடுறோமா? தினம் காலையில பத்து நிமிசம் வாயை மூடிக்கிட்டு உக்காருங்க." நானும் உக்காந்தேன். முதல் ரெண்டு வாரம் ரோட்டுல போற லாரிச் சத்தத்தைத் தவிர ஒண்ணும் கேக்கல. மூணாவது வாரம் ஒண்ணு வந்துச்சு. காதுல விழற குரல் இல்ல. ஆனா என் நினைப்பும் இல்ல, என் நினைப்பு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்.

"தங்கச்சிகிட்டப் போ."

அம்புட்டுத்தான். மறுநாளும் அதே. ஒன்றரை மாசமாச்சு, வேற வார்த்தையே இல்ல.

வந்தா உன் முகத்தைப் பார்க்கணும். அதனால முதல்ல எழுதுறேன். பதிலை வீட்டுக்குப் போடாத, துணி வெளுக்கிற நம்ம பிளீச்சிங் பட்டறை விலாசத்துக்குப் போடு. போன் பண்ணாத.

ஜெபத்துல உன்னை வச்சிருக்கிற,
அண்ணன் இம்மானுவேல்

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
17-6-2025

அன்புள்ள அண்ணனுக்கு ஹெப்சி எழுதுறது. நாங்க நல்லா இருக்கோம். நீங்களும் மதினியும் நல்லா இருக்கணும்னு தினமும் வேண்டிக்கிடுறேன்.

கடிதத்தைப் படிச்சு முதல்ல சிரிச்சேன். பொறவு ரெண்டாவது தடவை படிச்சேன், சிரிப்பு வரல. அண்ணே, பிரஷர் பார்த்தீங்களா? தலை சுத்தல் ஏதும் இருக்கா? போதகர் சொன்னது நல்லதுதான், ஆனா உங்க வயசுல வெறும் வயித்துல உக்காரக் கூடாது. ரெண்டு பிஸ்கட்டாவது சாப்பிட்டுட்டு உக்காருங்க.

கர்த்தர் தங்கச்சிகிட்டப் போன்னு சொன்னா வரவேண்டியதுதானே. நான் என்ன வேத்தாளா? என் வீட்டுக்காரர் போன பொறவு எனக்கு இந்த ஹாஸ்டல் வார்டன் வேலையை வாங்கிக் கொடுத்தது நீங்க. பியூலாவை நர்சிங் படிக்க வச்சது நீங்க. இப்ப மதுரையில ஒரு ஆஸ்பத்திரியில வேலை பார்க்கா, நல்ல பேரு. இத்தனையும் செஞ்சுட்டு என் முகத்தைப் பார்க்க என்ன தயக்கம்?

பியூலா போன வாரம் வந்திருந்தா. இனிஷியலை மாத்தணுமாம். 'பா' வேண்டாமாம், என் பேரோட முதல் எழுத்தைப் போட்டுக்கிடுதாளாம். குடிச்சுட்டுப் பாய்லரை வெடிக்க வச்சவர் பேரு எனக்கு எதுக்குன்னு கேக்கா.  எனக்கும் தடுக்கத் தோணல.

உங்களுக்குக் கேட்ட வார்த்தையைப் பத்தி எழுதினதால இதையும் எழுதுறேன், யார்கிட்டயும் சொன்னது இல்ல. சபையில எல்லாரும் சேர்ந்து பரமண்டல ஜெபம் சொல்லும்போது, மத்தவங்களை மன்னிக்கிறோம்னு ஒரு இடம் வரும்ல, அந்த இடத்துல நான் வாயை மூடிக்கிடுவேன். பதிமூணு வருசமா. பால்ச்சாமியை மன்னிக்க எனக்கு வரல. அதனாலயோ என்னவோ, கர்த்தர் என்கிட்ட ஒண்ணும் பேசுறது இல்ல. உங்ககிட்டயாவது பேசுறாரே.

என்ன விசயம்னு எழுதுங்க. உடம்பைப் பார்த்துக்கோங்க.

தங்கச்சி
ஹெப்சிபா

*

ராஜபாளையம்
6-7-2025

பிரியமான ஹெப்சிக்கு அண்ணன். சுகம்தானே? நான் சுகம்தான். பிரஷரும் பார்த்தாச்சு, சரியாத்தான் இருக்கு.

உன் கடிதத்தைச் சட்டைப் பையிலயே வச்சுக்கிட்டு அலைஞ்சேன். பியூலா இனிஷியல் விசயத்தை மட்டும் நாலு தடவை படிச்சேன். அவகிட்டச் சொல்லு, கொஞ்ச நாள் பொறுக்கச் சொல்லு. ஒண்ணும் மாத்த வேண்டாம்.

ஒண்ணு கேக்குறேன், தப்பா நினைக்காத. அன்னைக்கு ஆஸ்பத்திரியில பால்ச்சாமி சட்டையை ஒரு கவர்ல போட்டு உன் கையில கொடுத்தாங்கல்லா. அந்தச் சட்டையை என்ன செஞ்ச?

இங்க பட்டறையில வேலை அதிகம். பேண்டேஜ் துணிக்கு வெளிநாட்டு ஆர்டர் ஒண்ணு வந்திருக்கு. உன் மதினியோட தம்பி சுப்புராஜ்தான் இப்ப எல்லாத்தையும் பார்க்கான். நான் பேருக்கு வந்து உக்காந்துட்டுப் போறேன். பால்ச்சாமி பார்த்த பாய்லர் வேலையில இப்ப சோழபுரத்துப் பையன் ஒருத்தன், கௌதம்ராஜ்னு பேரு, கல்யாணமாகி ஒரு வருசம் ஆகல. ஸ்டீம் கூடினா தானாத் திறந்து விடுற சேப்டி வால்வு லேசா ஒழுகுது, நாள் முழுக்க புஸ்ஸுனு சத்தம். சுப்புராஜுக்கு அது பிடிக்கல, ஸ்டீம் வீணாப்போகுதுங்கான். எனக்கு அந்தச் சத்தம் கேட்டாத்தான் நிம்மதியா இருக்கு.

நம்ம சபைக் கோயிலுக்குத் தரை முழுக்க டைல்ஸ் போட்டுக் கொடுத்தேன். மூணு வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்தேன். சரி, இதுக்காவது வேற வார்த்தை சொல்லுவார்னு போய் உக்காந்தேன். அதே வார்த்தைதான். கோவமும் இல்ல. பள்ளிக்கூடத்துக்குப் போகாம நிக்கிற பிள்ளையை அம்மா கூப்பிடுற மாதிரி, நேத்து எப்படிச் சொன்னாரோ அதே மாதிரி இன்னைக்கும்.

சட்டையைப் பத்தி எழுது.

அண்ணன்
இம்மானுவேல்

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
30-7-2025

அன்புள்ள அண்ணனுக்கு. எல்லாரும் சுகம். அங்கயும் அப்படியே இருக்கட்டும்.

தேரோட்டத்துக்காக ஹாஸ்டல் லீவு, ஊருக்குள்ள பஸ்ஸும் வரல. அதனாலதான் தாமதம்னு எழுத நினைச்சேன். பொய். எழுதப் பிடிக்கல, அதான் தாமதம்.

சட்டையை எரிச்சேன். வீட்டுக்குப் பின்னால போட்டு, சீமெண்ணெய் ஊத்தி எரிச்சேன். அதுல ரத்தத்தை விட பிராந்தி வாசனைதான் அதிகமா இருந்துச்சு. அந்த வாசனைக்காக எரிச்சேன். இப்பவும் எங்கயாவது அந்த வாசனை வந்தா எனக்குக் குமட்டும்.

ரெண்டு வருசம் குடியைத் தொடாம இருந்தார் அண்ணே. அவர் ஞானஸ்நானம் எடுத்த அன்னைக்கு பியூலா தலையில கை வச்சு, இனிமே இல்லன்னு சொன்னார். நான் நம்பினேன். அன்னைக்குக் காலையில ஒரு சின்னச் சண்டை, அவரோட அண்ணன் இருக்கிற மம்சாபுரத்து வீட்டுக் கூரைக்கு ஓடு மாத்துற விசயம். சாப்பிடாமப் போனார். போனவர் நேரா எங்க போயிருக்கார்னு மத்தியானம் அந்தச் சட்டை சொல்லிருச்சு. எங்க சண்டைக்குப் பிள்ளை மேல பண்ணின சத்தியத்தை முறிச்சிட்டாரேன்னுதான் எனக்கு ஆறல. செத்தது கூட ரெண்டாவதுதான். நான் குழியில மண்ணு போடல, உங்களுக்குத் தெரியும்.

இதெல்லாம் உங்களுக்கு எதுக்கு இப்ப? இன்னொரு தடவை கேக்காதீங்க.

மதினிக்கு என் அன்பைச் சொல்லுங்க.

ஹெப்சிபா

*

ராஜபாளையம்
12-8-2025

அன்புள்ள ஹெப்சிக்குச் செல்வராணி எழுதுறது. நீயும் பிள்ளையும் நல்லா இருக்கணும்.

நான் உனக்குக் கடிதம் எழுதுறது இதுதான் முதல் தடவை. உங்க அண்ணன் பட்டறை மேசையில உன் கடிதங்களைப் பார்த்தேன். பார்த்தது தப்புதான். ஆனா சொல்லாம இருக்க முடியல. அவியளுக்கு இப்ப மனசு சரியில்ல. காலையில கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்திருக்காவ, வெளிய வரும்போது முகம் வெளுத்துப் போயிருக்கு. ஒரு நாள் பக்கத்து வீட்டு ராஜு அம்மா பார்த்துட்டு, "ஏமி ஆச்சு உங்க வீட்டுக்காரருக்கு"ன்னு தெலுங்கும் தமிழுமா கேட்டாவ. எனக்கு மானம் போச்சு. டாக்டரைப் பார்ப்போம்னா வர மாட்டேங்காவ.

அவிய என்ன எழுதினாலும் நம்பாத. உடம்பு முடியாதவர் எழுதுறதுன்னு விட்டுரு. இதுவரைக்கும் வந்த கடிதங்களை ஒரு கவர்ல போட்டு என் பேருக்கு அனுப்பிரு. பதிமூணு வருசத்துக்கு முன்னால முடிஞ்சதை யாரும் தோண்ட வேண்டாம் ஹெப்சி. உனக்கும் நல்லது இல்ல, பியூலாவுக்கும் நல்லது இல்ல. நாங்க உன்னை எங்கயும் குறைவா விடல. அதை மட்டும் நினைச்சுப் பாரு.

உன் நல்லதுக்குச் சொல்லும்,
மதினி செல்வராணி

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
20-8-2025

அண்ணே, சுகமா இருக்கீங்களா? இந்தத் தடவை நிஜமாவே கேக்கேன்.

மதினி எழுதியிருந்தாங்க. நீங்க எழுதினதைத் திருப்பி அனுப்பச் சொல்றாங்க. நான் அனுப்பல. உங்களுக்கு மனசு சரியில்லன்னா அதை எனக்குப் போன்ல சொல்லியிருக்கலாம், எதுக்குப் பயந்து எழுதணும்? முடிஞ்சதைத் தோண்ட வேண்டாம்கிறாங்க. எது முடிஞ்சுது? நான் எதையும் தோண்டலையே. சட்டையைப் பத்திக் கேட்டது நீங்க.

பதில் எழுதுங்க. நீட்டி எழுத வேண்டாம். என்கிட்ட என்ன சொல்லணும்னு ஒரே ஒரு வரி.

ஹெப்சிபா

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
25-9-2025

அண்ணனுக்கு. நீங்க சுகமா இருக்கணும். இல்லையான்னு தெரியாமலே எழுதுறேன்.

ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. போன் பண்ணினேன், மதினி எடுத்து, தூங்குறாருன்னாங்க. மூணு தடவையும் தூங்குறாருன்னாங்க. போன சனிக்கிழமை நேராப் பட்டறைக்கே வந்தேன். கேட்டுல நின்ன ஆளு, முதலாளி வரலைன்னார். உங்க ஸ்கூட்டர் வேப்ப மரத்தடியில நின்னுச்சு. சீட்டுல உங்க துண்டு கிடந்துச்சு. நான் அரை மணி நேரம் வெயில்ல நின்னுட்டுத் திரும்பிட்டேன்.

அண்ணே, எனக்கு இப்ப பயமா இருக்கு.

நீங்க எழுதினதைப் பார்த்து நானும் காலையில உக்கார ஆரம்பிச்சேன். பிள்ளைங்க எந்திரிச்சு குளிக்கப் போறதுக்கு முன்னால, ஸ்டோர் ரூம்ல அரிசி மூட்டைக்குப் பக்கத்துல. கர்த்தர் என்கிட்டப் பேச மாட்டார்னு நினைச்சுத்தான் உக்காந்தேன். நாலாவது நாள் அவரோட பேரு வந்துச்சு. பால்ச்சாமின்னு. நான் பதிமூணு வருசமா வாயால சொல்லாத பேரு. எந்திரிச்சுப் போயிட்டேன். மறுநாளும் அந்தப் பேருதான். சொல்ற விதத்துல கோவம் இல்ல, குத்தம் சொல்ற மாதிரியும் இல்ல. காணாமப்போன பிள்ளையோட பேரைச் சொல்ற மாதிரி இருந்துச்சு.

கர்த்தர் எதுக்கு எனக்கு அந்த மனுசன் பேரைச் சொல்லணும்? உங்களை எதுக்கு என்கிட்டப் போகச் சொல்லணும்? ரெண்டும் ஒண்ணுதானோன்னு தோணுது. 

எதுவா இருந்தாலும் சொல்லிருங்க.

ஹெப்சி

*

ராஜபாளையம்
14-10-2025

ஹெப்சி,

நல்லா இருக்கியான்னு கேக்குற தகுதி எனக்கு இல்ல. கேக்காம எழுதவும் வரல. நல்லா இரும்மா.

உன் கடிதம் எல்லாம் கிடைச்சுது. நீ கேட்டுல நின்ன அன்னைக்கு நான் உள்ளதான் இருந்தேன். துணிக் கட்டுகளுக்குப் பின்னால நின்னு, நீ போற வரைக்கும் பார்த்துக்கிட்டே இருந்தேன்.

பால்ச்சாமி குடிக்கல.

இதை எழுதிட்டு எந்திரிச்சுப் போய்த் தண்ணி குடிச்சிட்டு வந்தேன். இப்ப மீதியையும் எழுதிருதேன். நிறுத்தினா திரும்ப எழுத மாட்டேன்.

2012 ஆகஸ்ட் மாசம். மறுநாள் லோடு போயாகணும். அப்பவும் சேப்டி வால்வு ஒழுகிக்கிட்டுத்தான் இருந்துச்சு. ஸ்டீம் பத்தல. நான்தான் மேல ஏறி, வால்வு திறக்காத மாதிரி கம்பி போட்டுக் கட்டினேன். யாரும் சொல்லல, நானாக் கட்டினேன். காலையில ஒன்பதரை மணிக்கு பால்ச்சாமி ஆபீசுக்கு வந்தான். "மச்சான், ஸ்டீம் கேஜ் முள்ளு சிவப்புக் கோட்டைத் தாண்டி நிக்கி. கம்பியை அறுத்து விட்டுருவோம்"னான். நான் கணக்கு நோட்டுல இருந்து தலையைத் தூக்கல. இன்னும் ஒரு மணி நேரம் ஓட்டுலேன்னேன். "பயமா இருக்கு மச்சான்"னான். குடிச்சிட்டு உளறாதலேன்னு சொன்னேன் ஹெப்சி. அவன் குடிக்கலன்னு எனக்குத் தெரியும். ரெண்டு அடி தூரத்துல நின்னான், வாயில பல்பொடி வாசனைதான் வந்துச்சு. சும்மா வாயை அடைக்கிறதுக்குச் சொன்னேன். அவன் திரும்பி உள்ள போனான். கூட நின்ன ரெண்டு பேரை வெளிய போகச் சொல்லியிருக்கான். பொறவு வெடிச்சுது.

ஓடிப் போய்ப் பார்த்தேன். உயிர் இல்ல. அழத்தான் வந்துச்சு. ஆனா அழுகைக்கு முன்னால போலீஸ், ஜெயில், பட்டறை இதெல்லாம் வந்திருச்சு. ஆபீஸ் அலமாரியில வியாபாரிகளுக்குன்னு வாங்கின பாட்டில் ஒண்ணு இருந்துச்சு. அதை எடுத்துட்டுப் போய் அவன் சட்டையில ஊத்தினேன். காலி பாட்டிலை அவன் டிபன் பைக்குள்ள வச்சேன். கொஞ்ச நேரத்துல ஆள் கூடிருச்சு. ஏற்கெனவே குடிச்சுப் பேர் எடுத்தவன்தானேன்னு எல்லாரும் நம்பினாங்க. நீ நம்பின. நீ நம்பினதைப் பார்த்த பொறவு எனக்கே அது நடந்த மாதிரி ஆயிப்போச்சு.

உன் வேலை, பியூலா படிப்பு எல்லாம் அதுக்குப் பொறவு நான் செஞ்சது. நீ நன்றின்னு சொல்லும்போதெல்லாம் என் காதுக்குள்ள ஸ்டீம் கத்தும்.

கர்த்தர் என்னைத் தண்டிக்கத்தான் தேடி வந்திருக்கார்னு முதல்ல நினைச்சேன். தண்டிக்கிறவர் ஒரு தடவை சொல்லிட்டு அடிச்சிருவார். இவர் ஆறு மாசமா ஒரே வார்த்தையைச் சொல்லிக்கிட்டு என் வாசல்ல நிக்கார். கொலைகாரான்னு ஒரு நாளும் கூப்பிடல. கூப்பிட்டிருந்தா எனக்குச் சுலபமா இருந்திருக்கும்.

இன்னொண்ணு. போன வியாழக்கிழமையில இருந்து வால்வுச் சத்தம் நின்னு போச்சு. இன்னைக்குத்தான் மேல ஏறிப் பார்த்தேன். சுப்புராஜ் கம்பி போட்டுக் கட்டியிருக்கான். எங்க கத்துக்கிட்டான்னு நான் கேக்கவா முடியும்? அவுத்து விடச் சொன்னேன், தீபாவளி லோடு போகட்டும் அத்தான்னான். கீழ கௌதம்ராஜ் விறகு தள்ளிக்கிட்டு நிக்கான்.

இதைத் தபால்ல போட்டுட்டுத்தான் திரும்பப் பட்டறைக்குப் போறேன். போட்டுட்டா திரும்ப முடியாதுல்லா.

இம்மானுவேல்

*

ராஜபாளையம்
3-11-2025

ஹெப்சிக்குச் செல்வராணி. நீ எப்படி இருக்கன்னு கேக்க எனக்கு நாக்கு கூசுது.

அவிய உனக்குக் கடைசியா எழுதின அன்னைக்கு நடந்ததை யாராவது சொல்லியிருப்பாங்களான்னு தெரியல. மத்தியானம் மூணு மணிக்கு உங்க அண்ணன் பட்டறைக்குப் போய், வேலை பார்த்த எல்லாரையும் ரோட்டுக்கு அனுப்பியிருக்காவ. கௌதம்ராஜ் போக மாட்டேன், நான் அணைக்கேன்னு நின்னிருக்கான். அவனைக் கழுத்தைப் பிடிச்சுத் தள்ளிவிட்டு கேட்டைச் சாத்திட்டாவ. உள்ள தனியா நின்னு நெருப்பு பூரா வெளிய இழுத்துப் போட்டிருக்காவ. என் தம்பி வெளிய நின்னு கத்தியிருக்கான், லோடு போச்சு, பைத்தியம் பிடிச்சிருச்சுன்னு. முள்ளு இறங்கினதும் மேல ஏறிக் கம்பியை வெட்டியிருக்காவ. மிச்சம் இருந்த ஸ்டீம் ரெண்டு கையிலயும் அடிச்சிருச்சு. முழங்கை வரைக்கும் தோலு உரிஞ்சு போச்சு.

யாரும் சாகல. பட்டறையைப் பூட்டியாச்சு. சுப்புராஜ் எங்ககூடப் பேசுறது இல்ல.

ஆஸ்பத்திரியில அவிய கண்ணு முழிச்சதும் என்கிட்ட எல்லாம் சொன்னாவ. உன்கிட்டச் சொன்னதையும் சொன்னாவ. எனக்குச் சொல்லத் தேவையில்ல ஹெப்சி. பால்ச்சாமி செத்த அன்னைக்கு அவிய வீட்டுக்கு வந்து கழட்டிப் போட்ட சட்டையை அலசினது நான்தான். அதுலயும் அந்த வாசனை இருந்துச்சு. கேக்கணும்னு நினைச்சேன். கேட்டா பதில் வந்துருமேன்னு கேக்கல. நீ சர்ச்சுல மாரடிச்சு அழுதப்போ உன் தலையைத் தடவிக் கொடுத்தவ நான். அதை நினைச்சா எனக்கு இப்ப என் கையைப் பார்க்கப் பிடிக்கல.

காலையில முழிச்சதும் தபால் வந்துச்சான்னு கேக்காவ. மருந்து கொடுக்கும்போதும் அதே. வரலன்னா, சரின்னு சொவரைப் பார்த்துத் திரும்பிக்கிடுதாவ. அந்தப் பத்து நிமிசம் மட்டும் இப்பவும் உக்காருறாவ. இப்ப என்ன சொல்றார்னு கேட்டேன். "ஒண்ணும் சொல்லல. பக்கத்துல இருக்கார்"னு சொன்னாவ.

திட்டியாவது ரெண்டு வரி எழுது.

செல்வராணி

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
28-11-2025

அண்ணனுக்கு ஹெப்சிபா எழுதுறது.

கையில புண்ணு காயுதா? சீழ் வைக்காமப் பார்த்துக்கோங்க. பியூலா சொல்ற களிம்புப் பேரை இன்னொரு தாள்ல எழுதி வச்சிருக்கேன். உங்களுக்குன்னு சொல்லாமத்தான் அவகிட்டக் கேட்டேன். கண்டுபிடிச்சிட்டா. ஆனாலும் சொன்னா.

உங்க கடிதத்தை ஒரு தடவைதான் படிச்சேன். ஸ்டோர் ரூமைப் பூட்டிக்கிட்டு உக்காந்தேன். சமையல்காரி வந்து தட்டினா, பிள்ளைங்க வந்து தட்டினாங்க. நான் திறக்கல. கர்த்தர்கிட்டக் கேட்டேன், ஏன் எனக்கு அப்பவே சொல்லல, பதிமூணு வருசம் ஒரு நல்ல மனுசனை என்னைத் திட்ட விட்டுட்டீரேன்னு.  பதிலைக் கேக்க எனக்குப் பொறுமை இல்ல.

போன வாரம் மம்சாபுரம் போனேன். அவரோட அண்ணன் கருத்தையா அத்தானைப் பார்க்க. அடக்கம் முடிஞ்ச பொறவு நான் அந்த வீட்டு வாசலை மிதிச்சது இல்ல. குடிகாரன் குடும்பம்னு பியூலாவையும் அனுப்பினது இல்ல. அத்தானுக்கு வயசாயிருச்சு, கண்ணுல பொரை. கட்டில்ல உக்காந்து கடலை உரிச்சுக்கிட்டு இருந்தார். நான் யாருன்னு சொன்னதும், உள்ள பார்த்து, செம்புல தண்ணி கொண்டாங்கன்னார். நான் நின்னுக்கிட்டே எல்லாத்தையும் சொன்னேன். நீங்க எழுதினதை அப்படியே.

அவருக்கு அதிர்ச்சி ஒண்ணும் இல்ல. கடலையை உரிச்சு முடிச்சிட்டுச் சொன்னார், "அன்னைக்குக் காலையில அவன் இங்கதான் தாயி கஞ்சி குடிச்சான். காய் மூட்டையோட என் வண்டியில ஏத்தி, பட்டறை வாசல்ல நான்தான் இறக்கி விட்டேன். அவன் எங்க குடிச்சான்? அந்த வாரத்துல உன் வீட்டுக்கு மூணு தடவை வந்தேன். நீ கதவைத் திறக்கல. ஜன்னல் வழியாச் சொன்னேன். நீ காதுல வாங்கல."

எனக்கு ஞாபகம் இருக்கு அண்ணே. மூணு தடவை வந்தார். தம்பி பேரைக் காப்பாத்தப் பொய் சொல்றார்னு நினைச்சேன். கர்த்தர் ஏன் எனக்குச் சொல்லலன்னு ஸ்டோர் ரூம்ல கத்தினேனே, அவர் வண்டி கட்டி மூணு தடவை வந்து ஜன்னல்ல நின்னிருக்கார். நீங்க ஆறு மாசம் ஓடினீங்க. நான் பதிமூணு வருசம் சாத்தியே வச்சிருந்தேன்.

அங்க பியூலா அப்பாவோட போட்டோ ஒண்ணு இருந்துச்சு. என்கிட்ட இருந்ததை எல்லாம் நான் கிழிச்சாச்சு. அத்தான் கழட்டிக் கொடுத்தார். பியூலா மதுரையில இருந்து வந்து அதை மடியில வச்சுக்கிட்டு ரெண்டு நாள் உக்காந்திருந்தா. பொறவு கல்லறைக்குப் போனோம். முள்ளு மண்டிக் கிடந்துச்சு. ரெண்டு பேரும் வெட்டிச் சுத்தம் பண்ணினோம். நான் அவர்கிட்ட என்ன பேசினேன்னு உங்களுக்கு எழுத மாட்டேன். அது எங்க ரெண்டு பேருக்கும் உள்ளது.

உங்களை மன்னிச்சுட்டேன்னு எழுதச் சொல்லி மதினி சொல்லாமக் கேக்காங்க. எழுத வரல. பொய்யா எழுதி நாம பட்டது போதும். பியூலா உங்களைப் பார்க்க வர மாட்டா. எப்பவாவது வருவாளான்னு எனக்குத் தெரியாது, நான் கேக்கவும் மாட்டேன். ஆனா நேத்துக் காலையில உக்காந்தப்போ, உங்களுக்கு வந்த அதே மாதிரி எனக்கும் வந்துச்சு. அண்ணன்கிட்டப் போன்னு. நான் முடியாதுன்னேன். இன்னைக்கும் வந்துச்சு. நான் உங்களை மாதிரி ஆறு மாசம் இழுக்கப் போறது இல்ல.

திங்கக்கிழமை காலையில பத்து மணிக்கு உங்க வீட்டுக்கு வாரேன். கருத்தையா அத்தானும் வாரார். மூணு பேருமா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போறோம். என்கிட்டச் சொன்னது எனக்கு மட்டும்தான் ஆச்சு. அவரைப் பத்தி ஊரு நம்பிக்கிட்டு இருக்கிறது இன்னும் அப்படியேதான் இருக்கு. அவங்க உங்களை அங்கயே வச்சுக்கிடலாம். மாத்துத் துணியும் சர்க்கரை மாத்திரையும் மதினி எடுத்து வைக்கட்டும். கை ஆறட்டும்னு சொல்லாதீங்க, நான் காத்திருக்க மாட்டேன்.

கம்பி கட்டினதுல இருந்து பாட்டில் வரைக்கும் ஒரு வார்த்தை குறையாம நீங்க சொல்லணும். நான் பக்கத்துல உக்காந்து எழுதுறேன். கையெழுத்துப் போடும்போது உங்க கையைப் பிடிச்சுக்கிடுறேன்.

உங்க தங்கச்சி,
ஹெப்சிபா பால்ச்சாமி